இடப்பக்க ரப்பர்

ஜனவரி 6
பில்லியர்ட்ஸில் எவெலியோவிடம் இன்றும் தோற்றேன். இடப்பக்க விளிம்பில் மோதிய பந்து பாதி வழியிலேயே படுத்துவிட்டது. போன ஏப்ரலில் அந்த விளிம்புகளுக்குப் புது ரப்பர் ஒட்டியவன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். என் கூடத்தில், இதே மேசையில், அவனோடு. தனக்குத் தோதாக ஒட்டியிருப்பானோ?

ஜனவரி 7
"என்னக்கா, மூஞ்சி உர்ருன்னு இருக்கு? தோத்தா காபி கசக்குமோ?" என்றான் எவெலியோ. இந்த ஹினோதேகா ஊரில் எல்லோருக்கும் நான் மரியாதையாக ‘தோன்யா’ போட்டு, தோன்யா நூபியா. இவனுக்கு மட்டும் அக்கா. அது ஏன் என்று இத்தனை வருடத்தில் இன்றுதான் யோசித்தேன்.

ஜனவரி 8
ஜன்னல் திரை மாட்டும் அலுமினியப் பட்டையைக் கழற்றி, மரக்கட்டை மேல் சரிவாக நிறுத்தினேன். மேல்முனையில் ஒரு கோடு. பந்தை எப்போதும் அங்கிருந்தே விட வேண்டும். தள்ளக்கூடாது, விரலை எடுத்தால் போதும். விளிம்பில் மோதித் திரும்பி நிற்கும் தூரத்தைத் தையல் டேப் சொல்லும். முதலில் சரிவு அதிகமாகிப் பந்து குதித்தது. கட்டையை இழைத்துத் தாழ்த்தினேன்.

ஜனவரி 9
அவன் கண்ணில் படக்கூடாது. காலையில் திறக்குமுன், கதவிடுக்கில் பனி நுழையும்போது, இடப்பக்கம் அளந்தேன். மத்தியானம் அவன் சாப்பிடப் போனதும் வலப்பக்கம். இடது நான்கு விரல் குறைவு. திரும்பத் திரும்ப விட்டும் அப்படியே.
நினைத்தேன்!

ஜனவரி 10
பட்டையைக் காட்டி, எல்லோர் முன்னாலும் அவனிடம் கேட்டுவிட்டேன். "இதென்ன, பந்துக்குச் சறுக்குமரமா?" என்று யாரோ சிரித்தார்கள். எவெலியோ சிரிக்கவில்லை.
"என்னைத் திருடன்னு நினைக்கிறியாக்கா?"
டேப்பை நீட்டினேன். கோலை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

ஜனவரி 11
போட்டிக் குழுவுக்குக் காட்டுவதற்காக இன்று இரண்டு பக்கத்தையும் அடுத்தடுத்து அளந்தேன். இனி யாருக்கு ஒளிக்க? வித்தியாசமே இல்லை. மறுபடியும் அளந்தேன். இல்லை.
தகரக் கூரையை நிமிர்ந்து பார்த்தேன். காலைக் குளிரில் ரப்பர் விறைத்துக் கிடக்கிறது. வெயில் ஏறினால் உயிர் வருகிறது. அவனுக்குத் தெரியாமல் பக்கத்துக்கொரு வேளையில் அளந்தேனே — ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன்! திங்கட்கிழமை பந்து படுத்தது? நான் அடித்த வேகம் அவ்வளவுதான்.
அவன் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கதவைப் பிடித்தபடி கேட்டான். "சரி" என்றான்.

ஜனவரி 12
வந்தான். கோல் முனையில் சுண்ணக்கட்டியைத் தேய்த்தபடி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "இப்பவே ஆரம்பிக்கலாமா, வெயில் ஏறட்டுமா? உங்க ரப்பரைக் கேட்டுச் சொல்லுங்க, தோன்யா நூபியா."
கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.
ஆட்டத்தில் நான்தான் ஜெயித்தேன்.