பத்துக்கு மூன்று

களமருதூர்
ஆடி 12

அன்பு மகள் மணிமொழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே சுகம். சுகம் என்று எழுதினால் இனிமேல் நீ நம்புவாயோ மாட்டாயோ, ஆனாலும் சுகம்தான். புனேயில் மழை விடாமல் பெய்கிறதாமே, ஈரத்துணியை உடுத்தாதே, நெஞ்சில் சளி கட்டும்.

நீ போனில் அழுததை நேற்று அம்மா சொன்னாள். நான் மூன்று என்று சொன்னதால் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடப் போகிறாயாம். வயதாக ஆக மனுசனுக்குச் சந்தோஷம் கூடுகிறதா குறைகிறதா என்று விசாரிக்கிற ஆபீஸ் உன்னுடையது, அப்பாவிடமே முதலில் கேட்டுப் பார்ப்போம் என்று என் சந்தோஷத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்றாய், நானும் மூன்று என்றேன். பாப்பா, அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது, பக்கத்து வீட்டு அம்மாசி எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் காதுபட ஒன்பது என்றா சொல்லச் சொல்கிறாய்? ஆள் நல்லவன்தான், அவன் கண்ணுக்கு நான் உத்தரவாதம் தர முடியுமா? நீ பிறந்த வருஷம் களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று ஊர் கேட்கச் சொன்னேன். அன்று பிடித்த மழை நாலு நாள் விடவில்லை, குவியலிலேயே நெல் முளைத்துவிட்டது. அதிலிருந்து யார் கேட்டாலும் ஏதோ ஓடுது என்பதுதான் என் பதில். உன் ஆபீஸ்காரர்களுக்கு இது தெரியாது, உனக்குமா தெரியாது? ஏங்க, உங்க திருஷ்டி பயத்துல பொண்ணு பொழப்ப வுட்டுட்டு வரப்போவுது, இன்னா மனுசன் நீங்க என்று அம்மா வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

அதனால் நிஜத்தை எழுதுகிறேன். முப்பது வயதில் ஆசைப்பட்டு மொபெட் வாங்கினேன், நாலு நாள்தான் மனசு குளிர்ந்தது, ஐந்தாம் நாள் அம்மாசியின் புது பைக்கைப் பார்த்து வயிறு எரிந்தது. போன மாதம் நானும் அம்மாவும் ஊர்க்காரர்களோடு கல்வராயன் மலைக்குப் போனோம். அருவிக்கு இறங்க என் முட்டி ஒத்துழைக்கவில்லை, மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காலமாக இருந்தால் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேன். இப்போது மலைக்காரர் ஒருவர் அறுத்துக் கொடுத்த பலாச்சுளையைத் தின்றுகொண்டு அவர் ஆடுகளின் கதையைக் கேட்டேன், நேரம் போனதே தெரியவில்லை. அம்மா நனைந்த தலையோடு சிரித்துக்கொண்டே மேலே ஏறி வந்தாள், எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வாயைத்தான் திறக்கவில்லை.

வருத்தமே இல்லையா என்றால், இருக்கிறது. நீ போன் பண்ணாத நாளில் சோறு இறங்காது. அதற்காக நீ ஆசையாய்ப் பிடித்த வேலையை விட்டுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாயானால், நான் சொன்ன மூன்று அன்றைக்குத்தான் நிஜமாகும். பொங்கலுக்கு வா, பத்து நாள் இரு, சிரித்துக்கொண்டு திரும்பிப் போ.

நீ நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். மார்க்கைத் திருத்திக்கொள், ஒன்பது. இதைப் போனில் பேசாதே, படித்ததும் கிழித்துப்போடு. மீதி ஒன்று எங்கே என்று மறுபடி அழ ஆரம்பிக்காதே. சின்னதில் அம்மா உன் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பாளே, அதுபோல அந்த ஒன்றை நானாகத்தான் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
தெய்வசிகாமணி