பரண்மேல் இருக்கும் பூட்ஸ்

என்னங்க,

நம்ம நாகவல்லியை ஜூனியர் ஸ்டேட் ஃபுட்பால் கேம்புக்கு எடுத்துவிட்டார்கள்! ஆவடியிலிருந்து அவள் ஒருத்திதான். நீங்கள் பரண்மேல் ஒளித்துவைத்த தன் பூட்ஸுக்காக அவள் அழவில்லை. எதிர் குவார்ட்டர்ஸ் பையனின் பெரிய பூட்ஸுக்குள், நீங்கள் சைக்கிள் துடைக்க ஃபேக்டரியிலிருந்து கொண்டுவந்த வேஸ்ட் துணியை அடைத்துக்கொண்டு செலக்‌ஷன் மேட்சில் இரண்டு கோல் போட்டாள். "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குப் பந்து?" என்று கேட்டீர்களே, இதற்குத்தான்!

மாங்காட்டம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை போட இருவரும் போகிறோம். கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பில் இருக்கிறது. வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டியில் வையுங்கள். பூட்ஸை இறக்கி நீங்களே பாலிஷ் போடுங்கள்.

ஜெகதா

சொல்ல மறந்துவிட்டேன். "யாரும்மா கத்துக் குடுத்தது?" என்று செலக்டர் கேட்டதற்கு, "எங்க நைனா" என்று கூசாமல் சொல்லிவிட்டாள் உங்கள் மகள். நாளைக்கு அவர் உங்களைப் பார்க்க வேண்டுமாம். ஷேவ் பண்ணிக்கொண்டு கிரவுண்டுக்கு வாருங்கள், கோச் சார்!