கோணல் நட்சத்திரம்

அக்டோபர் 7

துடைத்துவைத்தது போல வானம். ஆறரைக்கே தொலைநோக்கியை வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்துக்குத் தூக்கிவந்துவிட்டேன். முக்கோண விண்மீன் கூட்டத்துக்குள் தெரிகிற அந்தச் சுருள் மண்டலம்தான் இந்தப் பருவம் முழுக்க எனக்கு வேலை. மூன்று மூன்று நிமிடப் படங்களாக எடுத்து இருபது மணி நேரம் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் சுருளின் கைகள் வெளியே வரும். இதுவரை ஆறு மணி நேரம் தேறியிருக்கிறது.

கேமரா இப்போது தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான் படுக்கப்போகிறேன். காலை ஐந்தே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்தை எடுக்க வேண்டும். பதினேழு வருடத்தில் ஒரு நாள் தாமதமில்லை. ஒரு கேலக்ஸிக்காக அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்வேனா?

அக்டோபர் 9

தொலைநோக்கியின் அடியில் இருக்கிற பெரிய கண்ணாடி சரியாக நிற்கிறதா என்று பார்த்தேன். அது கொஞ்சம் சாய்ந்தாலும் படத்தில் நட்சத்திரங்களுக்கு வால் முளைத்துவிடும். கேமராவைக் கழற்றிவிட்டு, கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையை மாட்டி, பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்தை வேண்டுமென்றே மங்கலாக்கினால், வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிய வேண்டும். இன்று தெரிந்த வட்டம் யாரோ ஒரு பக்கம் கிள்ளிவிட்டது போல உள்ளே வாங்கியிருந்தது. மூன்று திருகுகளையும் முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றித் திருகினேன். கிள்ளல் போகவில்லை. கழுத்து வலிதான் மிச்சம்.

அக்டோபர் 10

நேற்றைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரம்வரை எல்லா நட்சத்திரமும் உருண்டை. கேமராவுக்குச் சரி, எனக்குக் கோணல் - இது என்ன கணக்கு?

அக்டோபர் 14

எங்கள் வானப்படக் குழுவில் ஆந்தை என்று ஒருவர் இருக்கிறார். பல் மருத்துவர். நேரில் பார்த்ததில்லை, போனில்தான் பழக்கம். அவரிடம் கேட்டேன்.

"வில்லையில பூசணம் பிடிச்சிருக்கும் மேடம். வேற மாட்டிப் பாருங்க. சொத்தைப் பல்லை விட்டுட்டு நல்ல பல்லைப் பிடுங்கிடாதீங்க."

இரண்டு வில்லைகளை மாற்றிப் பார்த்தாயிற்று. அதே கிள்ளல், அதே இடத்தில். மூன்று வில்லையும் ஒரே மாதிரியா கெட்டுப்போகும்? எனக்கு எரிச்சலாக வருகிறது. எரிச்சலுக்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் இருக்கிறது, அதைத் தொட்டுப்பார்க்கப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 19

என் வீட்டுக்காரர் தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை முடிந்து வந்ததும் பின்னால் கூப்பிட்டேன். ஈரக் கையை சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"வட்டமாத்தானே இருக்கு."

"ஒழுங்கா பாருங்க. இடது பக்கம் கிள்ளின மாதிரி இல்ல?"

"ஒரு கிள்ளலும் இல்ல. நம்ம பெரிய அண்டா மூடி மாதிரி இருக்கு. இதுக்குமேல எப்படி வட்டமா இருக்கும், சொல்லு?"

அவர் உள்ளே போய்விட்டார். நான் எப்போதும் வலது கண்ணை வைத்துத்தான் பார்ப்பேன். எதற்கு என்று தெரியாமலே இடது கண்ணை வைத்தேன்.

வட்டம்.

வலது - கிள்ளல். இடது - வட்டம். வலது. இடது. கையில் கேமரா இருந்திருந்தால் கீழே போட்டிருப்பேன்.

உள்ளே வந்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கதவுச் சட்டத்தைப் பார்த்தேன். நேரான மரம் நடுவில் வளைந்து நின்றது. தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்த இவர் முகத்தைப் பார்த்தேன். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் புகைக்கறை.

"என்ன, கண்ணடிக்கிற?" என்று சிரித்தார்.

"தூசி" என்றேன். திருகு சரியாகிவிட்டது என்றும் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

அக்டோபர் 20

பேருந்தை ஓட்டினேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. கண்ணாடிகள், சிக்னல், எதிரே வரும் வண்டியின் எண். சத்தியமாகத் தெரிகிறது. உரிமம் புதுப்பிக்க அடுத்த கண் பரிசோதனை மார்ச்சில்தான். அதற்குள் சரியாகிவிடலாம். அசதியாக இருக்கும். ராத்திரியும் பகலும் திரையையே பார்த்தால் கண் என்னதான் செய்யும்?

பெரிய வண்டிக்கு இரண்டு கண்ணும் வேண்டும் என்று விதி. விதியை நான் மறந்துவிடவில்லை. எழுதிவைக்கிறேன், பின்னால் மறந்துபோனதாக என்னையே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.

அக்டோபர் 23

ஒவ்வொரு சிக்னலிலும் இடது கண்ணைப் பொத்திப் பார்க்கிறேன். விளக்குக் கம்பம் வளைகிறது. திறக்கிறேன், நேராகிறது. ஒரே பயணத்தில் பதினோரு தடவை. வண்டியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள என்னோடு வரும் ஆயா, "என்னக்கா, தலைவலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 26

மேகம். படம் இல்லை. சேர்ந்தது பதினோரு மணி நேரம். கில்லி மாதிரி ஓடுகிற கேமராவும் இடது கண்ணும் உள்ளதைச் சொல்கின்றன, நடுவில் நான் யார்?

ஆந்தை கேட்டிருந்தார்: "கோணல் போச்சா மேடம்?" போச்சு என்று பதில் போட்டேன். மூன்று பேரிடம் பொய்.

அக்டோபர் 28

வரிசையாக எழுதிவிட வேண்டும்.

மாலை டிரிப். இருபத்திரண்டு பிள்ளைகள். மருந்துக்கடை திருப்பத்துக்கு முன்னால் புழுதிக்காற்று. ஜன்னல் பாதி திறந்திருந்தது. இடது கண்ணில் மண் விழுந்தது. எரிச்சலில் கண் தானாக மூடிக்கொண்டது. திறந்திருந்தது வலது கண் மட்டும். எதிரே சாலையைக் கடக்க ஒருவர் பெட்டியோடு நின்றதை அதற்கு முந்தின நொடி பார்த்திருந்தேன். இப்போது அவர் இருந்த இடத்தில் அவர் இல்லை. கறைதான் இருந்தது. நிற்கிறாரா, இறங்கிவிட்டாரா, முன்னால் வந்துவிட்டாரா -

பிரேக்கை மொத்தமாக மிதித்தேன்.

பைகள் பறந்தன. எல்லாரும் கத்தினார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த ஒன்றாம் வகுப்புப் பாப்பாவின் உதடு முன் சீட்டுக் கம்பியில் பட்டுக் கிழிந்துவிட்டது. ரத்தம். அந்த ஆள் நடைபாதையிலேயேதான் நின்றிருந்தார், அசையவே இல்லை. என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"என்னாச்சுக்கா?" என்றாள் ஆயா.

"நாய் குறுக்க வந்துச்சு."

நாயே இல்ல. எந்த நாயும் இல்ல. வாயில எப்படி வந்துச்சு அந்த நாய்?

அக்டோபர் 29

பாப்பாவின் அம்மா போன் செய்தார். இரண்டு தையலாம். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"நீங்க சட்டுன்னு நிறுத்தினதாலதான் தப்பிச்சுதுன்னு ஆயா சொன்னாங்க. பாவம், நாய்க்கு ஒண்ணும் ஆகலையே? இவ அதையே கேட்டுட்டு இருக்கா."

"ஒண்ணும் ஆகல" என்றேன். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இவர் கதவைத் தட்டினார். திறந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பத்தொன்பதாம் தேதியிலிருந்து.

இவர் குழாயை மூடினார். பிறகு, "அன்னிக்கு நான் வட்டமா இருக்குன்னு சொன்னேனே, அப்பவே உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"என்கிட்ட சொல்லாம உன்னால எப்படிச் சாப்பிட முடிஞ்சுது?"

நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

அக்டோபர் 30

விடிந்ததும் சாவியைக் கொண்டுபோய்ப் போக்குவரத்து மேலாளரின் மேசைமேல் வைத்தேன். நின்றபடியே சொன்னேன். அவர் கண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"எத்தனை நாள்?"

"ஒன்பது நாள் சார்."

"கண்ணு கெட்டா நோய். அது யாருக்கும் வரும். ஒன்பது நாள் தெரிஞ்சே ஓட்டினீங்களே, அதுக்கு என்ன பேர் வைக்கிறது?" குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருக்கலாம். "பாப்பா வீட்டுக்கு நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லவா?"

நானே சொன்னேன். அந்த அம்மா முழுக்கக் கேட்டார். "அப்போ நாய் இல்லையா?" என்றார். இல்லை என்றேன். போன் துண்டிக்கப்பட்டது.

நவம்பர் 2

கண் மருத்துவர் சின்ன வயதுப் பெண். விழித்திரையின் நட்டநடுவில் ஓட்டை விழுந்திருக்கிறதாம். ஊசிமுனை அளவு. அந்த ஊசிமுனைதான் முகங்களையும் எழுத்தையும் பார்க்கிற இடமாம்.

"ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும்போது இது லேசில் தெரியாதும்மா. பல பேர் மாசக்கணக்கா விட்டுட்டுத்தான் வருவாங்க. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தொலைநோக்கியைச் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைப்பார்கள். குமிழி மேலேயே போகுமாம். அது பின்பக்க ஓட்டையை அழுத்தி மூட வேண்டுமென்றால் ஏழு நாள் குப்புறக் கிடக்க வேண்டும்.

"பழைய மாதிரி ஆகிடுமா?"

"ஓட்டை மூட நல்ல வாய்ப்பு இருக்கு. பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்பவே சொல்ல மாட்டேன்."

பஸ்ஸைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

நவம்பர் 8

இவர் எழுதுகிறார், நான் சொல்லச் சொல்ல. (பிழைக்கு நான் பொறுப்பில்லை - இது அவர் சேர்த்தது.)

அறுவை முடிந்து மூன்றாம் நாள். கட்டிலின் கால்மாட்டில் முகத்தைத் தொங்கப்போட்டுக் கிடக்கிறேன். தரையின் ஒரே ஒரு கல்தான் என் உலகம். வருகிறவர்களைக் காலை வைத்துத்தான் அடையாளம். வெடிப்புப் பாதம் இவர். மருதாணிக் கலர் செருப்பு என் நாத்தனார். இன்று புதிதாக ஒரு ஜோடி, நகச்சாயம் உரிந்த விரல்கள், வாசலிலேயே தயங்கி நின்றன. ஆயா.

"நீங்க நாய்ன்னதும் நானும் நாய்ன்னு நாலு பேர்கிட்ட சொன்னேன்க்கா. என்னையும் பொய்யாக்கிட்டீங்க" என்றாள். தரையைப் பார்த்தபடியே மன்னிப்புக் கேட்டேன். வேறெங்கும் பார்க்கவும் முடியாது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 10

சும்மா கிடந்து கிடந்து பயம்தான் வளர்கிறது. மூடாவிட்டால்? மூடியும் தெரியாவிட்டால்? இடதிலும் விழுந்தால்? நேற்று ராத்திரி இவர் பொறுக்கமாட்டாமல், "அந்த கேலக்ஸியை எடு, நான் அடுக்குறேன்" என்று மடிக்கணினியோடு தரையில் உட்கார்ந்தார். இருநூறு சொச்சம் படங்கள். நான் குப்புறப் படுத்தபடி வழி சொன்னேன், அவர் தட்டினார்.

"ஏதோ கேக்குது. ஆமாவா, இல்லையா?"

"என்ன கேக்குதுன்னு படிங்க மொதல்ல!"

"அதுக்குள்ள ஆமா போட்டுட்டேனே."

இரண்டு தடவை அடுக்கியதெல்லாம் அழிந்து, மூன்றாவது தடவை ஓடி முடிந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"என்னங்க? என்ன தெரியுது?"

"இரு. சொல்லத் தெரியல... மாவு கரைக்கும்போது கரண்டிய ஒரு சுத்து சுத்தி எடுத்தா நிக்கும் பாரு, அது மாதிரி. ரெண்டு கை. ஓரத்துல அங்கங்க சிவப்புப் புள்ளி. இதெல்லாம் நம்ம துணிக்கொடிக்கு மேலயா இருந்துச்சு?"

அந்தச் சிவப்புப் புள்ளிகள் புது நட்சத்திரங்கள் பிறக்கிற இடம் என்று சொன்னேன். அந்த வெடிப்புப் பாதங்கள் வெகுநேரம் அசையாமல் இருந்தன. அக்டோபர் பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு நேற்றுதான் நான் பயப்படாமல் தூங்கினேன். (அவள் குறட்டை விட்டாள் - இதுவும் நான் சேர்த்தது.)

டிசம்பர் 12

குமிழி கரைந்துவிட்டது. ஓட்டை மூடிக்கொண்டதாம். "நல்லா வந்திருக்கு" என்றார் மருத்துவர். அட்டையில் நான்காவது வரிவரை படித்தேன், அதற்குக் கீழே எழுத்துகள் எறும்புகளாகிவிட்டன. பெரிய வண்டி உரிமத்துக்கு அது போதாது. அவரே சொல்லிவிட்டார், நான் கேட்கும் முன்பே. தலையாட்டினேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோதுதான் இவர் என் கையைப் பிடித்திருப்பதே தெரிந்தது.

ஜனவரி 9

மேலாளர் கூப்பிட்டிருந்தார். ஓட்டுநர் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று. ஆயா வேறு தடத்துக்கு மாறிவிட்டாள், ஆகவே அவள் இடம் காலி. "யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்குத் தர வேண்டாம்னு ரெண்டு பேர் சொன்னாங்க. போன்ல நீங்களே உண்மையைச் சொன்னதால நான் கேக்கிறேன்" என்றார். உதடு கிழிந்த பாப்பாவை இப்போது அப்பாவே கொண்டுவந்து விடுகிறாராம். அதில் மாற்றமில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். கோபமா, வெட்கமா - தெரியல. போறேன்னு சொல்லிட்டேன்.

ஜனவரி 19

ஐந்தே முக்கால். கதவுப் பக்க சீட்டில் உட்கார்ந்தேன். புது ஓட்டுநர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னைப் பார்த்ததும் கொஞ்சம் விறைப்பாகிவிட்டார். நன்றாகத்தான் ஓட்டுகிறார். இரண்டாவது கியரில் மட்டும் கொஞ்சம் இழுக்கிறார்.

மருந்துக்கடை திருப்பம் வந்தது. என் வலது கால் தரையை அழுத்தி மிதித்தது. பக்கத்தில் இருந்த பொடியன் குனிந்து பார்த்தான்.

"ஏன் ஆன்ட்டி தரையை மிதிக்கிறீங்க?"

"பழக்கம்டா."

"அங்க பிரேக்கே இல்லையே."

"இல்லதான்" என்றேன். பள்ளி வாசலில் முதலில் இறங்கி, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினேன். இருபத்தொன்று. அந்தப் பாப்பா ஒருத்தி தவிர, சரியாக இருந்தது.