கை தானாகப் போகிறது

ஜூன் 3, செவ்வாய்

பார்லரில் இன்று மூச்சுவிட நேரமில்லை. பிள்ளைகளை நர்சரியில் விட்ட கையோடு அம்மாக்கள் நேரே இங்கே வந்துவிடுகிறார்கள். முடி வெட்ட வருகிறவர்கள் பாதி, கேள்வி கேட்க வருகிறவர்கள் பாதி. மூத்தவன் நர்சரியில், வீட்டில் இரட்டைக் கைக்குழந்தைகள், அந்த அம்மாவுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதாம், பால் கொடுப்பதை நிறுத்தினால் நிற்குமா என்று கேட்டாள். பிரசவத்துக்குப் பிறகு எல்லோருக்கும் கொட்டும், தானாக நிற்கும், பாலை நிறுத்தாதீங்க என்றேன். இன்னொருத்திக்குக் கண்ணுக்குக் கீழே கறுப்பு. தூங்குங்க என்றேன். எங்கே தூங்குவது என்று சிரித்தாள். என் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்குவதால் நான் சொன்னால் வேதவாக்கு.

சாயங்காலம் என் மகள் குட்டிக்குத் தலை வாரினேன். வலது காதுக்கு மேலே சீப்பு வழுக்கிக்கொண்டு போனது. முடியை விலக்கிப் பார்த்தால், நாணயம் அளவுக்கு வெறும் தோல்.

ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறவள், விளக்கைப் போட்டு இன்னொரு தடவை விலக்கிப் பார்த்தேன்.

ஜூன் 5, வியாழன்

அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் கேட்டேன். பெயர் சொல்லவில்லை, 'தெரிந்தவர் குழந்தை' என்று போட்டேன். புழுவெட்டு, வெங்காயச் சாறு தேய்க்கச் சொல்லுங்கள் என்று வரிசையாக வந்தது. மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்றாள் ஒருத்தி. அது பொய் என்று எனக்கே தெரியும். ஆனாலும் அதைத்தான் இரண்டு தடவை படித்தேன்.

ஜூன் 9, திங்கள்

வெங்காயச் சாறு கண்ணில் இறங்கிவிட்டது. குட்டி கத்திய கத்தலில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் அப்பா ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நாலரை வயதுக் குழந்தையை அழவைத்துவிட்டு நானும் அழுதேன். இரண்டு பேர் கண்ணிலும் வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஜூன் 14, சனி

தோல் டாக்டரிடம் போனோம். லென்ஸ் வைத்துப் பார்த்தார். குட்டியை எடை பார்க்க நர்ஸுடன் அனுப்பினார்.

"புழுவெட்டு இல்லம்மா. புழுவெட்டுன்னா வழவழன்னு இருக்கும். இது ஒவ்வொரு முடியும் ஒவ்வொரு உயரத்துல அறுந்திருக்கு. குழந்தையே பிடுங்கிக்குது."

நான் சண்டைக்கே போனேன். தினமும் தலையிலேயே வேலை செய்கிறவள், எனக்குத் தெரியாதா என்றேன். அவர் கோபப்படவில்லை. இது கெட்ட பழக்கம் இல்லை, பிடிவாதமும் இல்லை, திட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, கைக்கு வேறு வேலை கொடுங்கள், முடிந்தால் முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள் என்றார். நிறையக் குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடுமாம். சிலருக்குப் போகாதாம்.

"இவளுக்கு எப்ப நிக்கும் டாக்டர்?"

"சொல்ல முடியாதும்மா."

ஜூன் 15, ஞாயிறு

பார்த்துவிட்டேன்.

சோபாவில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறைக் கதவோரம் திருடி மாதிரி நின்றேன். கை மெல்ல மேலே போனது. தடவித் தடவி ஒரு முடியைத் தேர்ந்தெடுத்தது. விரலில் சுற்றியது. வெடுக்கென்று இழுத்தது. அந்த முடியை உதட்டில் தடவிக்கொண்டாள், பிறகு கீழே விட்டாள். முகத்தில் வலியே இல்லை. தூக்கம் வரும் முகம். வலித்து அழுதிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

பக்கத்தில் உட்கார்ந்து ஏன் கண்ணே என்று கேட்டேன். "கை தானா போகுதும்மா" என்றாள். கொஞ்சம் யோசித்து, "வரும்போது டிக்குனு ஒரு சத்தம் வரும். அது நல்லாருக்கும்" என்றாள்.

அவரிடம் சொன்னேன். அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்தால் காரணம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர். புது நர்சரியா, நீ வேலைக்குப் போவதா, போன வருஷம் நீ ஆஸ்பத்திரியில் படுத்தாயே அதுவா, கார்ட்டூனா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். கார்ட்டூனைத் தவிர எல்லாக் காரணத்திலும் நான் இருந்தேன். கார்ட்டூனைப் போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

ஜூன் 20, வெள்ளி

குழுவில் பல் டாக்டராக இருக்கும் ஒரு அம்மா தனியாகச் செய்தி அனுப்பினாள். 'தப்பா நினைக்காதீங்க, உங்க பொண்ணு தலையில இருக்கறது ஒட்டுமா? என் பையன் பக்கத்துல உக்கார்றான்.' தப்பாக நினைக்கவில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஒட்டாது, அவளே பிடுங்கிக்கொள்கிறாள் என்று எழுதிவிட்டேன். எழுதியிருக்கக் கூடாது.

மத்தியானம் நர்சரி வாசலில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நோய் என்றால் ஐயோ பாவம் என்பார்கள். கை என்றதும் விசாரணை. வீட்ல ஏதாவது பிரச்சினையா? அவர் குடிப்பாரா? நீங்க அதட்டுவீங்களா? இரட்டையர் அம்மா மட்டும் ஒன்றும் கேட்காமல் என் தோளைத் தொட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 26, வியாழன்

நர்சரி விட்டதும் குட்டி பார்லருக்கு வந்து மூலையில் ஸ்டூலில் உட்காருவாள். நர்சரியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். இன்று முதலாளியம்மா என்னை உள்ளே கூப்பிட்டார்.

"உன்னை ஒண்ணும் சொல்லல. கண்ணாடியில எல்லாருக்கும் அவ தலைதான் தெரியுது. முடி வெட்ட வந்தவங்க அதைப் பாத்தா என்ன நினைப்பாங்க? தொப்பி போடு. இல்லன்னா வேற எங்கயாவது விட்டுட்டு வா."

தலையாட்டினேன். வேறெங்கே? என் அக்கா வெளிநாட்டில். அவருக்கு எந்தக் கட்டடத்தில் எப்போது லிஃப்ட் நிற்கும் என்று அவருக்கே தெரியாது.

கண்ணாடியில் எல்லோருக்கும் தெரிந்தது எனக்கு ஏன் இவ்வளவு நாள் தெரியவில்லை?

ஜூலை 2, புதன்

தொப்பி போட்டாள். தொப்பிக்குள் கை.

ஜூலை 6, ஞாயிறு

அவர் அடித்துவிட்டார். முதுகில் இல்லை, கன்னத்தில் இல்லை, கையில். தலைக்குப் போன கையில் சட்டென்று ஒன்று வைத்தார். "ஒரு தடவை சொன்னா புரியாதா உனக்கு?"

அவள் அழவில்லை. அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். யாரோ ஒருத்தருடைய கையைக் காப்பாற்றுவது மாதிரி. அவர் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு அப்படியே எழுந்து போனார்.

அடிக்காமல் ஒரு வழி வேண்டும் என்று நான் ஒன்று செய்தேன். அவளுடைய சாக்ஸை இரண்டு கையிலும் மாட்டி, மணிக்கட்டில் ரிப்பன் கட்டினேன். பூனைக்குட்டி விளையாட்டு என்றேன். மியாவ் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, மூக்கு அரிக்குது" என்றாள்.

நான்தான் சொறிந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

ரிப்பனைப் பல்லால் அவிழ்த்துவிட்டாள். இப்போது இடது பக்கமும் ஆரம்பித்திருக்கிறது. இறுக்கிக் கட்டினேன்.

ஜூலை 15, செவ்வாய்

இன்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

நர்சரி அரைநாள். குட்டியை விட வேறு இடமில்லை. தொப்பி போட்டு, கையில் சாக்ஸ் கட்டி, இன்று மட்டும் கூடுதல் நேரம் என்று முதலாளியம்மாவிடம் கெஞ்சி மூலையில் உட்காரவைத்தேன். அவர் சாப்பிடப் போன நேரத்தில் வானவில் வந்தாள்.

வானவில் என்பது நானும் கூட வேலை செய்கிறவளும் வைத்த பெயர். அவள் பையன் குட்டியின் வகுப்பு. புருவம் இரண்டும் அப்படி வளைந்திருக்கும், ஒரு முடி பிசகாது. முடி வெட்டிக்கொள்ள மட்டும் வருவாள். புருவத்தில் நூல் போடவா என்று கேட்டால் எப்போதும் வேண்டாம்தான். நம் கைமேல் நம்பிக்கை இல்லை போல என்று நாங்கள் கேலி செய்வோம்.

நாற்காலியில் உட்கார்ந்தவள் கண்ணாடி வழியாக மூலையைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள், சாக்ஸைப் பார்த்தாள். வாசலில் நடந்த பேச்செல்லாம் அவளும் கேட்டிருப்பாள்தானே. வெட்டத் துணி போர்த்தினேன். துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்து, "ஈரப் பஞ்சு ஒண்ணு கொடுங்க" என்றாள்.

கொடுத்தேன். புருவத்தை அழுத்தித் துடைத்தாள். முதலில் வலது, பிறகு இடது. அங்கே ஒன்றுமே இல்லை. தோல்தான் இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குத்துமுடி. இத்தனை நாள் நான் பார்த்ததெல்லாம் பென்சில்.

"எட்டு வயசுல ஆரம்பிச்சது. இன்னும் நிக்கல. நடுவுல ரெண்டு வருஷம் நின்னுச்சு, கல்யாணத்தப்ப. அப்புறம் திரும்ப வந்துருச்சு."

கத்தரியை மேசையில் வைத்தேன்.

"எங்கம்மா என் கையைக் கட்டி வைப்பாங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. "கெட்டவங்க இல்ல. உங்களை மாதிரிதான், பயந்துட்டாங்க. போன முடியெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லைங்க. கட்டின துணி மட்டும் ஞாபகம் இருக்கு. மஞ்சள்ல பொடிப்பூ போட்ட துணி. இப்பவும் கடையில அந்த மாதிரி துணியைப் பாத்தா எனக்கு மூச்சு முட்டும்."

குட்டி மூலையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, உங்க புருவம் எங்க போச்சு?" என்று கேட்டாள். "என் கையும் தானா போகும்டா செல்லம்" என்றாள் வானவில். குட்டி புரிந்தவள் மாதிரி தலையை ஆட்டினாள்.

பிறகு பையிலிருந்து பென்சிலை எடுத்து, என் கண்ணாடியில் பார்த்து, ஒவ்வொரு கோடாக இழுத்துப் புருவத்தைத் திரும்ப வரைந்தாள். இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன், அவ்வளவு சுத்தமாக எனக்கு வராது. போகும்போது, தான் வீட்டில்தான் இருப்பதாகவும், தினமும் நர்சரி விட்டதும் இரண்டு பிள்ளைகளையும் தானே அழைத்துப் போவதாகவும் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், சரி என்று வந்தது.

அவள் போனதும் ரிப்பனை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது. வெட்டிவிட்டேன். மணிக்கட்டில் சிவப்பாக வளையம் போட்டிருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

டாக்டர் சொல்லியும் இத்தனை நாள் செய்யாததை இன்று செய்தேன். அவளுக்கு என்னைப் போலப் பின்னல் வரும், ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே மாதிரி பின்னிக்கொண்டு தெருவில் நடப்போம் என்று ஆசை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் வெட்டலாம் என்றால் குட்டி ஒப்பவில்லை. பெரியவர்கள் உட்காரும் சுற்றும் நாற்காலிதான் வேண்டுமாம். பார்லர் திறக்கும் முன்பே அழைத்துப் போய், என்னிடம் இருக்கும் சாவியால் திறந்து, பலகை போட்டு உயர்த்தி உட்காரவைத்து வெட்டினேன். விழ விழ நான் கீழே பார்க்கவில்லை. அவள்தான் எட்டி எட்டிப் பார்த்தாள். "நிறைய இருக்கும்மா" என்றாள்.

பாதியில் முதலாளியம்மா வந்துவிட்டார். சாவி கையில், வாசலிலேயே நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பின்னாடி ஒரு பக்கம் ஏறியிருக்கு பாரு, சரி பண்ணு" என்றார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இப்போது முன்நெற்றி ஓரத்திலும் போயிருக்கிறது. வெட்டிய குட்டை முடியிலும் எப்படியோ பிடித்துவிடுகிறாள். நகத்தால்.

வானவில் வீட்டில் குட்டி நன்றாகத்தான் இருக்கிறாள். மாவு பிசைகிறாள், மணி கோக்கிறாள், கைக்கு வேலை இருக்கிறது. டாக்டர் சொன்னதெல்லாம் செய்தாயிற்று, திட்டவில்லை, கட்டவில்லை, வெட்டியாயிற்று. இன்னும் என்னதான் செய்யணும் நான்? அதைத்தான் அவளிடம் கத்திவிட்டேன். என்னடி செய்யணும் நான், என்னடி செய்யணும் — குழந்தைக்கு என்ன தெரியும்?

குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். கதவைத் தட்டினாள்.

"அம்மா, நிறுத்திட்டேன். வெளிய வா."

நிறுத்தவில்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அவரிடம் சொன்னேன். அவர் குட்டியைக் கூப்பிட்டு, "நிறுத்தலைன்னா நிறுத்தலைன்னே சொல்லுடா. அப்பா அடிக்க மாட்டேன், அம்மா அழ மாட்டா" என்றார். என் சார்பில் அவர் கொடுத்த வாக்கு. காப்பாற்றுவேனா தெரியவில்லை.

"அப்பா, இன்னிக்கு நாலு" என்றாள் அவள். அவளுக்கு நாலு வரைதான் நிச்சயமாக எண்ணத் தெரியும்.

ஆகஸ்ட் 23, சனி

ஒரு பக்கம் முளைக்கிறது. இன்னொரு பக்கம் போகிறது. இன்று எத்தனை என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

நர்சரியில் வகுப்புப் படம் வந்துவிட்டது. வாசலிலேயே ஆசிரியை என்னைத் தனியாக ஓரம் கட்டினார். படம் எடுக்கும்போது தொப்பி போட்டுக்கச் சொன்னார்களாம், குட்டி மாட்டேன் என்றுவிட்டாளாம். "பரவாயில்லன்னு விட்டுட்டேன். ஆனா பாருங்க..." என்று இழுத்தார்.

பார்த்தேன். பிள்ளைகள் எல்லோரும் கையை மடியில் வைத்து நேராக உட்கார்ந்திருக்கிறார்கள். முன்வரிசையில் என் மகள் மட்டும் கையைத் தலையில் வைத்திருக்கிறாள். இரண்டு விரல் முடியைப் பிடித்திருப்பது துல்லியமாகத் தெரிகிறது. அவள் முழங்கை வானவில்லின் பையன் காதில் இடிக்க, அவன் சாய்ந்துகொண்டிருக்கிறான். படம் எடுப்பவர் இன்னொரு தடவை வருகிறாராம், வேண்டுமானால் கையைக் கீழே வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஆசிரியை.

வேண்டாம், இதையே கொடுங்க என்றேன்.

வீட்டில் அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "எப்படிச் சிரிக்கிறா பாரு" என்றார்.

வாசலில் அவ்வளவு நேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்ன பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். ஆமாம், வாயெல்லாம் பல்.