முட்டை இல்லாத வெள்ளி

வெள்ளி இரவு, வெள்ளவத்தை.

மெல்பேர்னில் இருக்கும் மகள் சொல்லித் தந்தபடி இன்று ப்ரொக்கோலி சாலட் செய்தேன். பூக்களைச் சின்னதாக நறுக்கி, கஜுப் பருப்பும் திராட்சை வற்றலும் சேர்த்து, மயோனைஸில் தேசிக்காய் பிழிந்து பிரட்டினேன்.

"பச்சையாவோ? வறை வறுத்திருக்கலாமே" என்று இவர் முணுமுணுத்தார். பிள்ளை சொல்லித் தந்தது என்றதும் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார்.

மிச்சத்தை மூடி வைக்கும்போதுதான் மயோனைஸ் போத்தலைத் திருப்பி வாசித்தேன். முட்டை. மகள் நல்லபடியாகப் பெற்றெடுக்கும் வரை வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி, முட்டை என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை என்று கோயிலில் நேர்ந்துகொண்டவர் இவர். கேக் வாங்கினாலே முட்டை போட்டதா என்று கேட்பவள் நான். தயிர் மாதிரி வெள்ளையாக இருந்ததில் யோசிக்காமல் விட்டுவிட்டேன். போன தடவை அவளுக்கு நடந்தது மனதில் வந்து நின்றது. போத்தலை பிரிட்ஜில் ஊறுகாய்க்குப் பின்னால் தள்ளி வைத்தேன். சொன்னால் விடிய விடியத் தூங்கமாட்டார் என்று பேசாமல் இருந்தேன்.

படுத்த பிறகு, சுவர்ப் பக்கம் திரும்பியபடியே இவர் சொன்னார். "வாற வெள்ளி தயிர் போட்டுச் செய்யும். பிள்ளைக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம்."

ஓம் என்றேன். இப்போது குறட்டை கேட்கிறது. போத்தலை எப்போது பார்த்திருப்பார் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் தரம் சாப்பாட்டுக் கோப்பையை நீட்ட முந்தியா, பிறகா?