செம்பனைப் புண்ணாக்கு

அன்புள்ள அமுதவள்ளிக்கு,

நான் நலம். உன் இடுப்புவலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

பந்திங் பண்ணையில் சினைக்குக் கிடா விடுவதற்கு முன், செம்மறிப் பெட்டைகளுக்கு நம் ஊர் வழக்கப்படி புண்ணாக்கு வைத்தேன். இந்த நாட்டில் மலிவாகக் கிடைப்பது செம்பனைப் புண்ணாக்கு, பாமாயில் பனையின் கொட்டைச் சக்கை. ஆடுகள் மளமளவென்று சதை போட்டன. முக்கால்வாசி சினை பிடித்தன. "ஒனக்கு ராசியான கை லா!" என்று முதலாளி திருச்செல்வம் அண்ணன் முதுகில் தட்டினார். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் அள்ளி வைத்தேன்.

நேற்று ஒரு சினையாட்டுக்குக் கண் மஞ்சளாகி, மூத்திரம் கறுத்தது. இன்று காலையில் செத்துக் கிடந்தது. தீவனக் கடை அங்கிளிடம் ஓடினேன்.

"செம்மறிக்கா போட்ட? அது மாட்டுக்குத்தான்ப்பா. அதுல உள்ள செம்பு ஈரல்ல சேந்து கொன்னுடும்."

உடனே நிறுத்திவிட்டேன். ஏற்கெனவே சேர்ந்தது என்ன செய்யுமோ தெரியவில்லை. நாளை முதலாளி வருகிறார். என் பாஸ்போர்ட் அவரிடம்தான் இருக்கிறது.

நீ ஒன்றும் கவலைப்படாதே. இதைக் கொண்டுவரும் வீரமணி திரும்பும்போது கொஞ்சம் காய்ந்த கீழாநெல்லி கொடுத்தனுப்பு. காமாலை எனக்கில்லை.

அவனை ஏற்றிப்போக லோரி வந்துவிட்டது. என் காலடி கேட்டாலே தீனி என்று ஆடுகள் ஓடிவந்து முகத்தை நிமிர்த்துகின்றன. கண்ணைப் பார்க்கவே பயமாக இருக்கிறது, அமுதா.

உன்
மாசிலாமணி