நீங்கள் எடுத்துவிட்ட பெயர்

என் பிள்ளைகளின் அன்பான அப்பாவுக்கு,

அன்றைக்கு மோர்டன் வீட்டுக் குசினி மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: உங்கள் மூத்தவன் ஜூட், இளையவள் மேரி, பிளேஸ்டோவிலிருந்து வந்த உங்கள் தம்பி பீற்றர், நான். மேசை நடுவில் ஜூட்டின் போன். அதற்குள் இன்சூரன்ஸ் கொம்பனிப் பெண்பிள்ளை ஒருத்தி. நீங்களும் அங்கே இருப்பதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். எல்லாரையும் எழுதிவிட்டேன். நான் அங்கே இருக்கவில்லை என்று பிறகு ஒருவரும் சொல்ல ஏலாது.

நத்தார்ப் பண்டிகை முடிந்த கையோடு நீங்கள் போய்விட்டீர்கள். வாசலில் பெரிய வான் அப்படியே நிற்கிறது. பிள்ளைகளுக்கு அது மோட்டார் ஹோம். உங்களுக்கும் எனக்கும் எப்போதும் பெரிய வான்தான். உங்கள் முழங்கால் கூடாரத்தில் படுக்க விடாது என்றுதானே, வோல்சிங்கம் மாதா கோயில் யாத்திரைக்காக அதை வாங்கினீர்கள்? அதற்குள் புட்டு அவித்து எத்தனை சனத்துக்குக் கொடுத்திருப்போம். யூலையில் யாத்திரை. அதற்கு முன்னே இன்சூரன்ஸ் முடிகிறது. புதுப்பிக்க வேண்டும்.

ஜூட் வழக்கம்போலப் போன் எடுத்தான். வழக்கம்போல நீங்களாகவே கதைத்தான்.

உங்களுக்குப் போனில் இங்கிலீஷ் கதைக்கப் பயம். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவனை உங்கள் குரலாக்கிவிட்டீர்கள். கவுன்சிலோடும் வங்கியோடும் அவன்தான் நீங்கள். உங்கள் பிறந்த தேதி, உங்கள் தாயின் பெயர் எல்லாம் நித்திரையிலும் சொல்லுவான். லண்டனில் எங்கள் ஆட்களின் எந்த வீட்டில் இது இல்லை? அதை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் உங்களைப் புதைத்த பிறகும் அவன் உங்கள் மாதிரியே தொண்டையைச் செருமி, "யெஸ், ஸ்பீக்கிங்" என்றபோது, வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

யோசனை பீற்றருடையது. "அண்ணை செத்ததெண்டு சொன்னா இடிபடாமல் ஓடினதுக்குக் குடுக்கிற கழிவு, நோ கிளெய்ம் போனஸ், முழுக்கப் போயிடும். இன்னும் ஒரு வருசம் அண்ணையின்ர பேரிலையே ஓடட்டும்" என்று, போன் எடுக்க முதலே சொல்லிவைத்திருந்தார்.

"செத்த மனுசன் எப்பிடித் தம்பி வான் ஓடுறது?" என்று கேட்டேன்.

"உயிரோட இருக்கேக்கையும் பின்னாலை குறட்டை விட்டுக்கொண்டுதானே வந்தவர், அண்ணி."

மேரியும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

போனில் அந்தப் பிள்ளை வாசித்தாள். பிரதான டிரைவர் நீங்கள். நேம்ட் டிரைவர், அதாவது உங்களைத் தவிர வானை ஓட்ட உரிமை உள்ளவர், ஜூட். வேறு ஆரும் இல்லை. ஏதும் மாற்றம் உண்டா?

"நோ சேஞ்ச்" என்றான் ஜூட்.

"என்ர பேர் எங்கை?"

அவன் போனைக் கையால் பொத்தினான். "அம்மா, பிறகு கதைப்பம்."

"இப்ப சொல்லு. என்ர பேர் எங்கை?"

"சத்தம் போடாதேங்கோ, ரெக்கோர்ட் ஆகுது!"

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். இந்த நாட்டில் நான் எழுதிப் பாஸ் பண்ணியது டிரைவிங் டெஸ்ட் ஒன்றுதான். நாலாம் முறை பாஸ் பண்ணினேன். மூன்றாம் முறை பெயில் விட்டபோது, "அண்ணி இனி சைக்கிள் பழகலாம்" என்று பீற்றர் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது. அப்படி எடுத்த லைசென்சை எழுபது வயதுக்குப் பிறகும் புதுப்பித்து வைத்திருக்கிறேன். "உம்மட பேரும் இன்சூரன்சிலை கிடக்கு" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

போனை அவன் கையிலிருந்து பறித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். என் மனிசன் செத்துப்போனார். கதைத்தது என் மகன். நான் மனிசி.

பீற்றர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார். பிறகு அந்தப் பிள்ளை மெதுவாக, வருந்துகிறேன் என்றாள். இறந்தவரின் முழுப்பெயரைச் சொல்லச் சொன்னாள்.

என்னால் முடியவில்லை. உங்களுக்குத் தெரியும்தானே. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இஞ்சாருங்கோ, ஜூட்டின்ர அப்பா, அவ்வளவுதான். முப்பத்தோராம் நாள் பூசைக்கும் உங்கள் பெயரை மேரிதான் கொடுத்தாள். அன்றைக்கும் அவள்தான் குனிந்து போனுக்குள் சொன்னாள்.

நீங்கள் இறந்த அன்றே அந்தப் பொலிசி முடிந்துவிட்டதாம். புதிதாக எடுக்கும்வரை வானை ரோட்டில் இறக்கக்கூடாதாம். கடைசியாக ஒன்று கேட்டாள், நல்ல மனதோடுதான் கேட்டாள். உங்கள் பெயரை ஏன் நேம்ட் டிரைவராகப் போடவில்லை அம்மா? இருந்திருந்தால், எங்கள் கொம்பனியில் கணவரின் போனஸ் மனைவிக்கு வந்திருக்கும்.

நான் ஜூட்டைப் பார்த்தேன். அவன் மேசையைப் பார்த்தான்.

போன் வைத்தவுடன் வெடித்தான். "என்னைக் கள்ளனாக்கிப்போட்டியளே அம்மா!"

"நானோ ஆக்கினது?"

"அண்ணா, அம்மாவின்ர பேரை ஏன் எடுத்தனீ?" என்று மேரி கேட்டாள்.

"நான் எடுக்கேல்லை! போனிலை சொன்னது மட்டும்தான் நான். அப்பாதான் எடுக்கச் சொன்னவர். அம்மாவின்ர வயசாலை பிரீமியம் ஏறீற்றுது, இப்பிடியே போனா வானை விக்கவேண்டி வரும் எண்டவர். அம்மாட்டைச் சொல்லாதை, மனம் நொந்துபோவா எண்டவர்."

"எப்ப?"

"போன வருசத்துக்கு முதல் வருசம்."

அப்படியென்றால் போன வருடம் யாத்திரை முடிந்து திரும்பிய நாள்?

அன்றைக்கு விடியவே உங்களுக்கு நெஞ்சு இறுக்கம். ஜூட்டுக்கு ஷிப்ட், அவன் வரவில்லை. வான் திறப்பை உங்கள் கையால் எடுத்து என் கையில் வைத்தீர்கள். "நீர் வானை ஓடும், உமக்குத்தானே லைசென்ஸ் கிடக்கு" என்றீர்கள். நான் சந்தோஷப்பட்டேன். கடவுளே, உங்கள் நோவுக்குள்ளும் நான் சந்தோஷப்பட்டேன்.

பக்கத்து சீற்றில் செபமாலையோடு இருந்தீர்கள். பொலிஸ் கார் கடக்கும்போதெல்லாம் உங்கள் செபம் நின்று நின்று தொடர்ந்தது. ஒரு சின்ன ஊருக்குள், வளைவு முடிகிற இடத்தில் ஒரு தாய் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். நான் மிதித்த மிதியில் பின்னால் புட்டுப் பானை உருண்டது. வண்டிக்குள் சிவப்புத் தொப்பிப் பிள்ளை என்னை நேராகப் பார்த்தது. "மாதாவே" என்று நீங்கள் கண்ணை மூடினீர்கள். அந்தப் பிள்ளைக்காக என்றுதான் நினைத்தேன். ஆருக்காக?

ஒரு முழம் தள்ளி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்சூரன்ஸ் இல்லாத கிழவி அடித்தாள் என்றல்லவா எழுதியிருப்பார்கள். வீடு போயிருக்கும். அது போகட்டும். அந்தத் தாயின் முன்னால் நான் எந்த முகத்தோடு நின்றிருப்பேன்?

கோயில் வளவு முழுக்க எங்கள் சனம். ஒரு சொல் சொல்லியிருந்தால் ஆராவது வந்து ஓட்டியிருப்பார்கள். சொல்ல வெட்கமா? என் பெயரை எடுத்ததை எனக்கே சொல்ல வேண்டிவரும் என்ற பயமா? மோர்டனுக்கு வந்து இறங்கியபோது, "நல்லா ஓடினீர்" என்றீர்கள். உங்களிடமிருந்து வந்த அந்தச் சொல்லைப் பெட்டிக்குள் வைத்த நகைபோல வைத்திருந்தேன். செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதேன். இப்போது அதை எங்கே வைப்பது?

இங்கத்தைப் புதினம் இதுதான். மேரி எனக்குப் பக்கத்தில் இருந்து புதுப் பொலிசி எடுத்துத் தந்தாள். பிரதான டிரைவர் நான், நேம்ட் டிரைவர் ஜூட். என் வயதுக்கும் போனஸ் இல்லாததற்கும் பிரீமியம் நெருப்பு விலை. நீங்கள் எனக்குப் போட்ட காப்பு இரண்டையும் ஈஸ்ட் ஹாம் நகைக்கடையில் விற்றேன். வேறு காப்பும் இருந்தது, உங்களுடையதைத்தான் விற்றேன்.

ஜூட் இடியப்பப் பார்சலோடு வந்து, "அம்மா, பிழைதான்" என்றான். சாப்பிட்டேன், மன்னித்தேன். பீற்றர் இன்னும் வரவில்லை. வந்தால் நாலு கேள்வி கேட்டுவிட்டுத் தேத்தண்ணி கொடுப்பேன்.

யூலையில் நானே வானை ஓட்டிக்கொண்டு மாதாவிடம் போவேன். அந்த வளைவில் மெதுவாகப் போவேன். உங்களுக்காக மெழுகுதிரி கொளுத்துவேன், பூசை ஒப்புக்கொடுப்பேன். இந்த முறை பூசைக்குப் பெயரை மேரி சொல்லமாட்டாள், நானே சொல்லுவேன். இது சத்தியம். மாதா உங்களை மன்னிக்கட்டும், அது அவவின் வேலை.

நான் ஒருவரை மட்டும் மன்னிக்கமாட்டேன். இத்தனை வருடம் என் வாயில் வராத அவருடைய பெயரை இன்றைக்கு எழுத்துக்கூட்டி எழுதுகிறேன்: சவிரிமுத்து அந்தோனிப்பிள்ளை.

உங்கள் மனைவி,
திரேசம்மா